கடலுக்கு எழுதிய அட்டவணை

என் அக்கா வீட்டுக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தென்னந்தோப்பு, ஒரு மண்பாதை, அவ்வளவுதான். கல்யாணமாகி அவள் அந்த ஊருக்குப் போனபோது அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடல் ஆற்றுக்குள் ஏறும், ஆறு மணலுக்குள் இறங்கும், மணல் கிணற்றுக்குள் கசியும். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலத்தெருவில் போய் நிற்பாள். அங்கே தண்ணீர் கிடைக்கும், தண்ணீரோடு ஒரு குத்தல் பேச்சும் கிடைக்கும். தண்ணீர் அன்றைக்கே செலவாகிவிட்டது. பேச்சை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

பிறகு ஆற்றின் குறுக்கே, கடலுக்கு ஒரு பொழுது நடை தூரத்தில், தடுப்பணை வந்தது. ஐந்து இரும்பு ஷட்டர்கள். கீழே கடலின் உப்பு, மேலே மழையின் தண்ணீர், நடுவில் கையளவு கனமுள்ள இரும்பு. மூன்று மழைக்காலம் கழிந்து ஒருநாள் அக்கா போன் செய்தாள். "டேய், பருப்பு வெந்துடுச்சிடா" என்றாள். போனை வைத்துவிட்டாள். நகரத்தில் நான் குடியிருக்கிற நெல்லித்தோப்பில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே தெருக்கோடிவரை நடந்தேன்.

அந்தத் தண்ணீரை நம்பி அவள் இரண்டு கிரைண்டர் வாங்கினாள். இட்லி மாவு அரைத்துப் பொட்டலம் கட்டி நெல்லித்தோப்பு கடைகளுக்கும் உப்பளம் பக்கமும் அனுப்புகிறாள். மச்சான் மாவுப் பைகளை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எந்த மேலத்தெரு அவளை நிற்க வைத்ததோ அந்தத் தெருப் பெண்கள் இன்று அவள் கிணற்றடியில் நிற்கிறார்கள். அவள் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் குடம் நிரம்பும்வரை பக்கத்தில் நின்று பார்ப்பாள். அந்தப் பார்வை போதும்.

நான் நகரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆறு, ஏரி, மதகு சம்பந்தமான கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். இந்த ஷட்டர் திறக்கப்படும், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று இருபது சொச்சம் வருடங்களாக எழுதி வருகிறேன். இருப்புக்கொள்ளாத ஆள். நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தது கிடையாது. ஐம்பதை நெருங்கிய பிறகு கால்களுக்கு வேலை இன்னும் கூடிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் கடற்கரைச் சாலையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்தால்தான் பேனா ஓடும்.

அந்த மேசைக்குத்தான் ஒருநாள் விலாங்கு வந்தது.

லாஸ்பேட்டை கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் பேராசிரியை ஒருவர் மனு கொடுத்திருந்தார். விலாங்கு கடலில் பிறக்கிறது, நூல் கனத்துக்கு, கண்ணாடி மாதிரி, குடல் தெரிகிற குஞ்சாக ஆற்றுமுகத்துக்கு வருகிறது, நல்ல தண்ணீரைத் தேடி மேலே ஏறி வருடக்கணக்கில் ஏரியிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. தடுப்பணைக்கு மேலே இப்போது கிழட்டு விலாங்குகள்தான் மிச்சம், குஞ்சு ஏறுவதே இல்லை, இப்படியே விட்டால் இந்த ஆற்றில் விலாங்கு கிடையாது. குஞ்சு வரும் மாதங்களில், கடல் ஏறும் நாட்களில், கொஞ்ச நேரமாவது ஷட்டரைத் திறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

திறந்தால் உப்பும் உள்ளே வரும். தேக்கத்தில் உப்பு ஏறினால் கரையோரக் கிணறுகளில் ஏறும். எந்தக் கிணறு முதலில் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோப்பை ஒரு வாரம் அடியில் வைத்தேன். அடியில் வைத்த கோப்பு சும்மா இருக்காது. நடக்கும்போது கூட வரும், குளிக்கும்போது முதுகில் ஏறும். தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஏறி, ஒரே ஒரு தடவை இறங்குகிற ஓர் உயிர், வந்து இரும்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. எட்டாம் நாள் குறிப்பு எழுதினேன். "அமாவாசையன்று கடல் ஆற்றைத் தேடி வருகிறது" என்றுகூட ஒரு வரி எழுதிவிட்டேன். அலுவலகக் குறிப்பில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அந்த வரியை யாரும் அடித்து நீக்கவும் இல்லை.

அட்டவணை போட்டதும் நான்தான். என் மேசைக்கு நேரெதிரே தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்கும். அதைப் புரட்டி தை, மாசி, பங்குனி மாதங்களின் அமாவாசையையும் பௌர்ணமியையும் எடுத்து எழுதினேன். அமாவாசை காலையில் எட்டு மணிக்குமேல் அணைக்கு மேற்கே படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் சேரும். எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் காலடியில் தண்ணீர் ஏறி இறங்கக்கூடாது. ஆகவே காலை ஆறு முதல் எட்டு வரை, ஒரே ஒரு ஷட்டர், அரை உயரம். மீனுக்கு இரண்டு மணி நேரம், ஊருக்கு மிச்ச நேரமெல்லாம். கையெழுத்தாகி வந்தபோது இவ்வளவு நியாயமான ஒரு தாளை நான் எழுதியதே இல்லை என்று தோன்றியது.

அக்காவிடம் சொன்னபோது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என் கிணத்துல ஒரு கல்லு உப்பு ஏறட்டும், அப்பறம் வச்சிக்கறேன் உன்ன" என்றாள்.

ஏறவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. கிணறு கிணறாகவே இருந்தது. மாவு எப்போதும்போல் பொங்கியது. நான் ஒரு சிற்றிதழில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன், ஒரே ஆற்றில் மீனும் மனிதனும் தாகம் தீர்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அக்கா அதைக் கிணற்றடியில் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். "என் தம்பி எழுதுனது" என்று சொன்னாளாம். பேராசிரியை மட்டும் ஒருமுறை போனில், மேலே வைத்த வலைகளில் ஒரு குஞ்சும் விழவில்லை என்றார். "முதல் வருஷம்தானே சார், பாப்போம்" என்று அவரே சமாதானமும் சொன்னார். அதை நான் ஒன்றரைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

அடுத்த தை பிறந்தது. அதே தாளில் தேதிகளை மட்டும் மாற்றி அனுப்பினேன். முதல் அமாவாசைக்குத் திறந்து மூடினார்கள். அந்த வாரக் கடைசியில் கால்கள் என்னை அரியாங்குப்பம் பக்கம் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. வற்றம், கடல் பின்வாங்கியிருந்தது. சேறு வெயிலில் மினுங்கியது. இடுப்பளவு தண்ணீரில் மட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கரையேறி, சாக்கைக் கீழே வைத்துவிட்டு, என் ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த அலுவலகச் சீட்டைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விரல் நுனியெல்லாம் மட்டி ஓடு கிழித்த கோடுகள்.

"நீங்கதான் அந்த ஷட்டரு ஆபீசா?"

"ஆமாம்மா."

"மீனுக்குக் கதவு தொறக்கறீங்களாமே."

"ஆமாம்" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை ஏறியிருக்க வேண்டும்.

"யாரு சாரு உங்களுக்கு அந்த நேரம் குறிச்சிக் குடுத்தது?"

"அமாவாசைக்குத்தானேம்மா தண்ணி ஏறும்?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கொக்கு பறந்தது. "அமாவாச அன்னிக்கு உங்க வூட்டுல செத்தவங்க வருவாங்க சாரு. தண்ணி வராது. அதுக்கு இன்னா அவசரம்? அமாவாச கழிஞ்சி, மூணாம் பெற கண்ணுல படற அன்னிக்குதான் கும்முனு ஏறும். அதுவும் பத்து மணி ஆவும் இங்க. ஆறு மணிக்கு வந்து நிக்கறதுக்கு கடலு இன்னா உங்க ஆபீசு பியூனா?"

"அப்ப அந்தக் குஞ்சுங்க?"

"வெலாங்குக் குஞ்சா? அது தண்ணியோட சேந்து வர்றது. நீங்க தொறக்கும்போது உள்ள இருக்கற தண்ணிதான் வெளிய பாயுது, அது எப்பிடி எதிர்த்து ஏறும்? ரெண்டு நாள் கழிச்சி அது வந்து சேரும்போது உங்க கதவு சாத்திக் கெடக்கும். அங்கியே இரும்புல ஒட்டிக்கினு கெடக்கும். கொக்கு திங்கும். நான் கண்ணால பாத்தன்."

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லாம? ஷட்டர்காரனாண்ட சொன்னன். 'பேப்பர்ல ஆறு மணின்னுதான் போட்டிருக்கு, நீ மட்டிய பாரு'ன்னான்."

அவர் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பி, பாலம்வரை வந்து, திருப்பி, மறுபடி முகத்துவாரம்வரை போய், மறுபடி திரும்பினேன். ஒரு வருடமாக நான் கதவைத் திறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்தது நல்ல தண்ணீர் வெளியே போக மட்டும்தான். அதனால்தான் உப்பு ஏறவில்லை. அதனால்தான் கிணறு இனித்தது, அதனால்தான் எல்லோருக்கும் நல்லவனாக நான் ஒன்றரைப் பக்கம் எழுத முடிந்தது. என் பிழைதான் அக்காவின் கிணற்றுக்கு அணையாக நின்றிருக்கிறது.

பிழையைத் திருத்துவது ஒரு வரி வேலை. பேனாவை எடுத்தால் அரை நிமிடம். பத்து நாள் எடுக்கவில்லை. காலண்டர் தாளை யாரோ கிழிப்பார்கள், சத்தம் கேட்டுத் திடுக்கிடுவேன். வீட்டில் மனைவி, "சட்டை பட்டன மாத்திப் போட்டுக்கினு போறீங்க, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள். உடம்பு சரியாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தால் கால் இரண்டும் தாமே நடந்துகொண்டிருந்தன.

பதினோராம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து மாவைப் பொட்டலத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி, ஒரு முடிச்சு, ஒரு கரண்டி, ஒரு முடிச்சு. நான் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கரண்டி நிற்கவில்லை.

"யார்னா கேட்டாங்களா உன்ன?" என்றாள்.

"இல்லக்கா."

"ஆபீஸ்ல கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"இல்ல. அந்த மட்டி எடுக்கற அம்மாவுக்குத் தெரியும்."

"அவங்க ஆபீசுக்கு வந்து பெட்டிஷன் போடப் போறாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப உக்காந்து டீய குடி."

நான் உட்காரவில்லை. "அக்கா, அது அழிஞ்சிடும்க்கா. இன்னும் கொஞ்ச வருஷம்தான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "நான் கொடத்த இடுப்புல வச்சிக்கினு மேலத்தெருவுல நின்னனே, அப்ப இந்த மீனு எங்கடா இருந்திச்சி?"

"ஆத்துலதான் இருந்துச்சு."

"ஆமா. அது ஆத்துல இருந்திச்சி, நான் தெருவுல இருந்தன்." முடிச்சை இறுக்கினாள். "பாம்பு மாதிரி வழவழன்னு ஒண்ணு. அத எவனும் வாங்கிக்கூடத் திங்கறதில்ல. அதுக்காவ என் கிரைண்டர நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்தச் சொல்லல. ரெண்டு மணி நேரம்தான். கொஞ்சம் உப்பு வரலாம், வராமலும் போகலாம்."

"அத நீ குடிச்சிப் பாத்துச் சொல்லுவியா? நெல்லித்தோப்புல கேன் தண்ணி குடிக்கறவன்." கரண்டியை மாவுக்குள் போட்டாள். "தப்பா எழுதுனது நீ. சரியா எழுதறதும் நீதான் எழுதுவ. எங்கிட்ட எதுக்கு வந்த? நான் சரின்னு சொல்லணும், அதுக்குத்தான? சொல்லமாட்டன். போ."

மச்சான் வாசல்வரை வந்தார். ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

எங்கள் அதிகாரி பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பத்தில் பிறந்தவர். எந்தப் பேச்சையும் 'அலோர்' என்று, 'அப்படியானால்' என்பதைப் பிரெஞ்சில் இழுத்துத்தான் தொடங்குவார். திருத்தக் குறிப்பைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"அலோர்... ஊர்க்காரங்க சந்தோஷமா இருக்காங்க. அந்தக் காலேஜ் மேடம் நமக்கு நன்றிக் கடிதம் போட்டாங்க. உனக்கு மட்டும் என்னய்யா?"

"மீன் ஏறவேயில்ல சார்."

"மீன் கம்ப்ளெயின்ட் குடுத்துதா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு தாளைத் தட்டி, "கரையோரத்துல யார் கிணறு இருக்குன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கியா?" என்றார்.

"எங்க அக்கா கிணறு சார்."

அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.

பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், காலை ஒன்பதரைக்கு அணையில் நின்றேன். பேராசிரியை இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு வந்திருந்தார். ஷட்டர் திருப்புகிறவர் புதுத் தாளைப் படித்துவிட்டு, "இது இன்னா சார், கடலுக்குன்னு தனி ஆபீஸ் டைமா?" என்றார். கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், ஒவ்வொரு கல்லாக நனைத்துக்கொண்டு, பழைய கறைக்கோட்டைத் தாண்டி. நான் இத்தனை வருடம் எழுதியும் கடல் ஏறுவதை நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னால் டிவிஎஸ் சத்தம். அக்கா இறங்கினாள். மச்சான் வண்டியிலேயே இருந்தார். அவள் என்னைப் பார்க்காமல் நேரே ஷட்டர்காரரிடம் போனாள். "எத்தினி மணிக்கு மூடுவீங்க?"

"பன்னண்டுக்கும்மா."

"நான் பன்னண்டு வரைக்கும் இங்கதான் நிப்பன்."

சக்கரம் சுற்றியது. இரும்பு முனகி மேலே போயிற்று. இந்த முறை தண்ணீர் உள்ளே வந்தது. பழுப்பு நிறத்தில், ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டு, அக்கா வீட்டுப் பக்கமாக. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்த்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சுவரின் இந்தக் கோடிக்கு நடந்தேன், அந்தக் கோடிக்கு நடந்தேன்.

பேராசிரியை கூப்பிட்டார். சுவரோரம் தண்ணீர் மெதுவாக வளைகிற இடத்தில், முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்கள் தெரிந்தன. உடம்பே இல்லாமல் கறுப்புக் கண்கள் மட்டும், இரண்டிரண்டாக, கூட்டங்கூட்டமாக மேலே போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு வாளி மொண்டு தூக்கினார். விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடி இழைகள் உள்ளே நெளிந்தன. அக்காவும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டா?" என்றாள்.

"எங்கேயோ நடுக்கடல்ல இருந்து வருதும்மா" என்றார் பேராசிரியை.

அக்கா வாளிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் எதுவும் இளகவில்லை. "இவ்ளோ தூரம் வந்ததுக்கு நல்ல ஆறா பாத்து வந்திருக்கக் கூடாது?" என்றாள். பேராசிரியை சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார்.

பன்னிரண்டு அடிக்கும்போது கண்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. நான் ஷட்டர்காரரைப் பார்த்தேன், பேராசிரியை என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு கால் மணி என்று கேட்க என் வாய் திறந்தது. அக்கா போனை எங்கள் பக்கம் திருப்பி மணியைக் காட்டினாள். "பேப்பர்ல பன்னண்டுன்னு போட்டிருக்கு" என்றாள்.

மூடினார்கள். கீழ்ப்பக்கம் சுவரில் மிச்சக் கண்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. கொக்குகள் இறங்கின. பேராசிரியை வாளியால் மொண்டு மொண்டு மேல்பக்கம் ஊற்றினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி மொண்டேன். எவ்வளவு மொண்டோமோ அவ்வளவு.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அக்கா கிணற்றடியில் இருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு சொம்பு இறைத்து, தான் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்திருந்து விழுங்கினாள்.

"எப்படி இருக்குக்கா?"

"உப்புன்னு சொன்னா அடுத்த தடவ தொறக்காம உட்டுடுவியா?"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப கேக்காத." சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "அடுத்தது எப்ப?"

"அமாவாசை கழிச்சு ரெண்டாம் நாள்."

"மொட்ட மாடியில பெரிய டேங்க்கு ஒண்ணு வைக்கச் சொல்லியிருக்கன் உங்க மச்சான. கதவு தொறக்கறதுக்கு மொத நாளே நெரப்பிக்கணும். மூணு நாளைக்கு மாவுக்கு வரும். அவரால மாடி ஏற முடியாது, முட்டி வலி. நீதான் வரணும். உன் மீனுக்குத்தான?"

போகிறேன். ஒவ்வொரு திறப்புக்கும் முதல் நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராகப் போய் மோட்டார் போட்டு, மாடிக்கும் கிணற்றடிக்குமாக ஏறி இறங்கி, டேங்க் வழிந்ததும் நிறுத்துகிறேன். அவள் டீ வைக்கிறாள், பேசுவதில்லை. மறுநாள் அணையில் நிற்கிறேன், மணி ஆனதும் வாளியோடு இறங்குகிறேன். கண்கள் ஏறுகின்றன, உப்பும் ஏறுகிறது. டேங்க் தண்ணீர் மூன்று நாள் நிற்கும். நாலாம் நாள் காலையில் அவள் மறுபடி கிணற்றில் வாளியை விடுவாள். அந்தக் காலையில் மட்டும் நான் வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். மேசைக்குப் போகமாட்டேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருப்பேன்.